விரிசலை மறைக்காத தச்சர்

பலகையில் விரிசல் இருப்பின் அப்பகுதியை வெட்டி ஒதுக்குவது தச்சர்களின் பொதுவான வழக்கம். அவ்விரிசலையே அழகாக்கிப் புகழ் பெற்றவர் ஜார்ஜ் நாகஷிமா.

இவர் 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். இளமையில் காடுகளிலும் மலைகளிலும் நடந்து திரிந்த இவர் மரங்களின்மீது பெரும்பற்றுக் கொண்டார். 1930-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டடக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் ஜப்பான் சென்று, அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரிடம் பணியாற்றினார்.

அந்நாளில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திற்காகக் கோல்கொண்டா என்னும் விடுதியை ரேமண்ட் வடிவமைத்தார். அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட நாகஷிமா புதுச்சேரிக்கு வந்தார். வெயில் மிகுந்த அவ்வூருக்கேற்பக் காற்று தடையின்றி உலவுமாறு அவ்விடுதி அமைக்கப்பட்டது. அதற்குரிய தேக்குமர அறைகலன்களை நாகஷிமா உருவாக்கினார். ஆசிரம வாழ்வில் தோய்ந்த அவருக்கு அரவிந்தர் சுந்தரானந்தா என்னும் பெயரைச் சூட்டினார். அழகில் இன்பம் காண்பவர் என்பது அதன் பொருள்.

தாய்நாடு திரும்பிய நாகஷிமா திருமணம் செய்துகொண்டு, சியாட்டில் நகரில் அறைகலன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அதன் விளைவாக, குற்றம் ஏதும் செய்யாத ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களே. நாகஷிமாவும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் 1942-இல் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறந்த நாடே அவரை அயலாராகக் கருதியது.

அம்முகாமில் கெந்தாரோ ஹிகோகாவா என்னும் தச்சர் இருந்தார். ஜப்பானிய மரபில் தேர்ந்த அவரிடம் நாகஷிமா மாணவராக அமர்ந்தார். உளியையும் இரம்பத்தையும் கையாளும் முறையையும், மரத்தோடு மரத்தைப் பொருத்தும் நுட்பத்தையும், பொறுமையையும் கற்றார். எஞ்சிய மரத்துண்டுகளே அவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருள்கள். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் கைத்தொழிலாளரிடம் பாடம் கேட்கத் தயங்கவில்லை.

1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலை பெற்ற நாகஷிமா, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்னும் ஊரில் குடியேறினார். அங்குப் பட்டறை அமைத்தார். பலகையின் ஓரத்தைச் சீவி நேராக்காமல் மரத்தின் இயல்பான வளைவோடு விட்டார். விரிசலின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் குழி வெட்டி, அதே வடிவிலான கட்டையைப் பதித்தார். விரிசல் மேலும் விரியாமல் நின்றது. கண்ணுக்கும் அழகாய்த் தோன்றியது. அவருடைய மேசைகளும் நாற்காலிகளும் இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன.

1964-இல் அவர் மீண்டும் இந்தியாவிற்கு வந்து, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அறைகலன்களை வடிவமைத்தார். முதுமையில் மாபெரும் வால்நட் மரமொன்றின் பலகைகளைக் கொண்டு அமைதிக்கான பீடம் ஒன்றைச் செய்தார். அது 1986-இல் நியூயார்க் பேராலயம் ஒன்றில் நிறுவப்பட்டது. முகாம்களில் மக்களை அடைத்ததற்காக அமெரிக்க அரசு 1988-இல் மன்னிப்புக் கோரியது. நாகஷிமா 1990-இல் மறைந்தார். அவர் விரும்பியவாறே மற்றோர் அமைதிப் பீடம் பின்னர் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. தம்மைச் சிறைவைத்த நாட்டிலேயே வாழ்ந்து, வெறுப்பை வளர்க்காமல், உலக அமைதிக்காக உழைத்த பெருமகன் அவர்.