தந்தையாகிய டார்வின்

பெரியோர் சரிதைகளைப் பயிலுங்கால் நாம் அவர்தம் அரிய செயல்களையே எண்ணி வியக்கின்றோம். அச்செயல்கள் நிகழ்ந்த காலத்தில் அவர்தம் இல்லத்தே தவழ்ந்த குழந்தை எது, நோயுற்றுக் கிடந்த குழந்தை எது என வினவுவார் சிலரே. சார்லஸ் டார்வின் என்னும் பெயரைக் கேட்ட அளவில், உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்து உலகத்தாரின் எண்ணப்போக்கையே மாற்றிய அறிஞர் ஒருவர் நம் மனக்கண்முன் தோன்றுகின்றார். அவர் பத்து மக்களைப் பெற்ற தந்தை என்பதையும், அவருள் மூவரை இளமையிலேயே பறிகொடுத்தவர் என்பதையும் அறிந்தார் பலரல்லர். அவ்வில்லற வரலாற்றையே நாம் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

டார்வின் இங்கிலாந்து தேசத்து ஷ்ரூஸ்பரி நகரில் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் பிறந்தார். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையாகிய ராபர்ட் டார்வின் பேர்பெற்ற மருத்துவர். மகனையும் மருத்துவனாக்க விரும்பி அவர் எடின்பரோ நகருக்கு அனுப்பினார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. அறுவைச் சிகிச்சை இரண்டினைக் கண்ணுற்ற இளைஞர், அவற்றுள் ஒன்று சிறு குழந்தைக்குச் செய்யப்பட்டதைக் காணப் பொறாது வெளியே ஓடினார், அக்கல்வியையும் கைவிட்டார். வேட்டையும் நாய்களும் எலி பிடித்தலுமன்றி வேறொன்றிலும் நாட்டமில்லாத இம்மகனால் குடும்பத்துக்கே இழிவு நேரும் எனத் தந்தை ஒருகால் கடிந்துரைத்தார். அச்சொல்லை மகன் முதுமையிலும் மறந்தாரல்லர். ஆயினும் தந்தையை வெறுத்தாரல்லர்.

1831-ஆம் ஆண்டில் பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவரும் வாய்ப்புக் கிட்டியபோது தந்தை இசையவில்லை. அவர் கூறிய தடைகள் எட்டு. அவ்வெட்டுக்கும் ஒவ்வொன்றாக விடை எழுதி, மைத்துனரின் மனத்தை மாற்றியவர் சார்லஸின் தாய்மாமனாகிய ஜோசையா வெட்ஜ்வுட் என்பார். தாயில்லாப் பிள்ளைக்கு மாமன் செய்த அவ்வுதவி உலகுக்கே பயன்பட்டது. கப்பல் 1836-ஆம் ஆண்டு அக்டோபரில் திரும்பியது.

பின்னர் இல்லறம் ஏற்பதா, தவிர்ப்பதா என்னும் வினா எழுந்தது. 1838-ஆம் ஆண்டில் டார்வின் ஒரு தாளை எடுத்து, மணத்தால் வரும் நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை மறுபக்கமும் வரிசைப்படுத்தினார். மக்களால் வரும் செலவும் கவலையும், படிப்பதற்கு நேரமின்மையும் ஒருபுறம். முதுமையில் துணையும், வீட்டின் இனிமையும் மற்றொருபுறம். முடிவில் மணமே வென்றது. 1839-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் அதே தாய்மாமனின் மகளான எம்மாவை அவர் மணந்தார். நம் நாட்டார் முறைப்பெண் என வழங்கும் உறவு அது. அவ்வுறவே பிற்காலத்தில் அவர் உள்ளத்தை அரிக்கும் கவலையாக மாறியதைப் பின்னர்க் காண்போம்.

அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள் மூத்த மகன் வில்லியம் பிறந்தான். ஏனைய தந்தையர் குழந்தையைக் கண்டு களிப்பர். டார்வினோ களித்ததோடமையாது குறிப்பேடு ஒன்றையும் திறந்தார். குழவி முதன்முதல் நகைத்தது என்று, சினந்தது என்று, அஞ்சியது எதற்கு, கண்ணாடியில் தன் உருவைக் கண்டு செய்தது யாது என அனைத்தையும் நாள்தோறும் எழுதிவைத்தார். அக்குறிப்புக்கள் ஏறத்தாழ 37 ஆண்டுகள் கழித்து, 1877-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளிவந்தன.

1842-ஆம் ஆண்டில் குடும்பத்தார் லண்டன் மாநகரை விட்டு, கென்ட் கோட்டத்து டௌன் என்னும் சிற்றூரில் குடியேறினர். குடியேறிய சின்னாட்களில் பிறந்த மேரி என்னும் பெண்மகவு மூன்று வாரமே உயிர்வாழ்ந்தது. ஆயினும் அவ்வீடு விரைவில் மழலைகளால் நிறைந்தது. தந்தை எழுதும் அறை குழந்தைகளுக்கு அடைக்கப்படவில்லை. கத்தரிக்கோல் வேண்டினும், நூற்கயிறு வேண்டினும், சுத்தியல் வேண்டினும் அவர்கள் ஆங்கே நுழைவர். பன்முறை தடைப்பட்ட பின்னரே, இனியும் வாராதிருத்தல் கூடுமோ எனத் தந்தை மென்மையாகக் கேட்பார். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், வேலையை விட்டு விளையாட வருமாறு தந்தைக்கு ஆறு பென்னி கைக்கூலி கொடுக்க முன்வந்தான். புதிய சாய்விருக்கைமீது குதித்தாடிய லெனார்டு, அதனைக் காண விரும்பவில்லை எனத் தந்தை கூறியதும், அங்ஙனமாயின் தாங்கள் அறையை விட்டு வெளியே செல்லலாமே என அறிவுரை பகர்ந்தான். நோயுற்ற பிள்ளைக்குத் தந்தையின் அறையிலிருந்த சாய்விருக்கையே படுக்கையாயிற்று.

கொட்டலசு என்னும் கடற்சிற்றுயிரை டார்வின் எட்டாண்டுகள் ஆராய்ந்தார். அதனையே நாள்தோறும் கண்டு வளர்ந்த குழந்தை ஒன்று, அண்டை வீட்டுத் தந்தையார் தம் கொட்டலசு வேலையை எங்கே செய்கின்றார் என வினவிற்றாம். ஆண் வண்டுகள் பறந்து செல்லும் வழியை அறிய, அவர் தம் மக்களைப் புதர்தோறும் நிறுத்திக் காவல் காக்கச் செய்தார். ஆராய்ச்சியும் விளையாட்டும் அங்கு வேறுவேறாக நிற்கவில்லை.

இத்தகைய இன்பத்தின் நடுவே பேரிடி வீழ்ந்தது. இரண்டாம் குழந்தையாகிய ஆனி, 1841-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிறந்தவள். தந்தையின் தலைமயிரை வாரி அழகுபடுத்துவதில் பெருமகிழ்ச்சி கொண்டவள். 1851-ஆம் ஆண்டில் அவள் நோய் முற்றவே, நீர்ச் சிகிச்சைக்குப் பேர்பெற்ற மால்வெர்ன் நகருக்குத் தந்தை அவளை அழைத்துச் சென்றார். தாய் நிறைகருப்பமுற்றிருந்தமையால் வீட்டை விட்டுப் பெயர இயலவில்லை. நாள்தோறும் கடிதங்கள் மட்டுமே இருவரிடையே சென்று வந்தன. ஒரு கடிதம் நம்பிக்கை தரும். அது சேருமுன் மறுகடிதத்துக்குரிய துயரம் நிகழ்ந்திருக்கும். ஏப்ரல் 23-ஆம் நாள் ஆனி உயிர்நீத்தாள். மனைவியைத் தேற்றும்பொருட்டு, மகளின் அடக்கத்துக்கும் நில்லாது டார்வின் வீடு திரும்பினார். ஒரு வாரத்துக்குள் அவளுடைய முகத்தையும் குணத்தையும் மறவாதிருத்தற்பொருட்டு ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார். தாயோ மகளின் எழுதுபெட்டியை இறுதிவரை பாதுகாத்து வைத்திருந்தார். எம்மா ஆழ்ந்த சமயப்பற்றுடையவர். டார்வினின் நம்பிக்கையோ தளர்ந்து வந்தது. அவ்வேற்றுமை இருவர்க்கும் வேதனை தந்ததுண்டு. எனினும் அவர்தம் அன்பை அது முறித்ததில்லை.

1858-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டார்வின் இருபதாண்டுகளாகப் போற்றிவைத்த கொள்கையையே தாமும் கண்டதாக வாலஸ் என்பார் தொலைநாட்டிலிருந்து எழுதிய கட்டுரை வந்தெய்தியது. தம் உழைப்பின் முதன்மை பறிபோகுமோ என்னும் நிலை. அதே நாட்களில் ஒரு மகள் தொண்டை நோயால் வருந்தினாள். கடைக்குட்டியாகிய சார்லஸ் வாரிங், ஒன்றரை வயதாகியும் நடையும் பேச்சும் கூடாத குழந்தை, செங்காய்ச்சலால் ஜூன் 28-ஆம் நாள் இறந்தான். ஜூலை முதல் நாள் லண்டனில் லின்னேயன் சங்கத்தில் இருவர் கட்டுரைகளும் நண்பர்களால் வாசிக்கப்பெற்றன. உயிர்நூல் வரலாற்றில் பொன்னாளாகிய அந்நாளில் டார்வின் அவையில் இல்லை. மகனை இழந்த வீட்டில் இருந்தார்.

மக்கள் நோயுறுந்தோறும் அவரை மற்றோர் எண்ணம் வாட்டியது. தம் உடலின் நலிவு மக்களுக்கும் வந்ததோ, நெருங்கிய உறவில் மணந்ததே காரணமோ என அவர் அஞ்சினார். மரபின் வலிமையைப் பிறரினும் நன்கறிந்தவர் ஆதலின், அவர்க்கு அவ்வச்சம் மிகுதி. செடிகளில் தன்மகரந்தச் சேர்க்கையின் விளைவைப் பல்லாண்டு ஆராய்ந்தார். 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் உறவுமுறை மணங்களைப் பற்றியும் வினவுமாறு முயன்றார், பாராளுமன்றத்தார் மறுத்துவிட்டனர். அவ்வாராய்ச்சியைப் பின்னர் மேற்கொண்டவர் அவர் மகன் ஜார்ஜே. அஞ்சிய அளவு தீங்கில்லை என்பது 1875-ஆம் ஆண்டில் வெளியான அவர்தம் முடிவு. தந்தையின் நெஞ்சிலிருந்த பாரத்தை மகன் இயன்றவரை இறக்கிவைத்தார் எனலாம்.

எஞ்சிய எழுவரும் வளர்ந்து ஆளாயினர். ஜார்ஜ், பிரான்சிஸ், ஹோரஸ் ஆகிய மூவரும் ராயல் சொசைட்டியின் உறுப்பினராயினர். மகள் ஹென்றியேட்டா தந்தையின் நூற்படிகளைத் திருத்தி உதவினார். பிரான்சிஸின் மனைவி 1876-ஆம் ஆண்டில் மகப்பேற்றின்போது இறக்கவே, அவர் கைக்குழந்தை பெர்னார்டுடன் தந்தையின் இல்லத்துக்கே திரும்பினார். முதிய தம்பதியர் மீண்டும் ஒரு மகவை வளர்க்கலாயினர். தாயின்றி வளர்ந்த டார்வின், தாயற்ற பேரனைத் தாமே ஏந்தும் பேறு பெற்றார். 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் அவ்வீட்டிலேயே அவர் உயிர் நீங்கியது.

மாணவ நண்பர்களே, அன்று அத்தாளில் மணத்துக்கு எதிராக அவர் எழுதிய தடைகள் பெரும்பாலும் மெய்யாயின. செலவும் நேர்ந்தது, நேரமும் குறைந்தது, கவலையோ அவர் கணித்ததனினும் பன்மடங்காயிற்று. ஆனால் ஆனியின் சிரிப்பையும் லெனார்டின் குறும்பையும் அவர் அத்தாளின் எப்பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை, எழுதவும் இயலாது. வீட்டில் நம்மை வளர்த்தோர் நம்பொருட்டு ஏற்ற கவலைகளும் இவ்வாறே கணக்கில் வாராதவை. அவற்றை உணர்ந்தொழுகுதல் நம் கடனாகும்.