சுல்தான்பூரில் தரையிறங்கிய சாகசக்காரர்: போகும் பாதையைப் பதிவு செய்யாமல் பறந்த கடைசிப் பயணம்

1997 ஜனவரி 20 அன்று உத்தரப் பிரதேச மாநிலம் சுல்தான்பூர் அருகே, கிராமப்புற நிலத்தில் ராட்சத பலூன் ஒன்று வந்திறங்கியது. அதில் தனியாக வந்தவர் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஸ்டீவ் ஃபாசெட். செயின்ட் லூயிஸ் நகரில் புறப்பட்ட அவர் ஆறு நாள்களுக்கு மேலாக வானில் இருந்து, 16,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பயணம் செய்திருந்தார். உலகைச் சுற்றிவரும் நோக்கம் நிறைவேறவில்லை என்றாலும், பலூன் பயணத்தில் அன்றைய தொலைவுச் சாதனை அவர் வசமானது.

அந்தப் பயணம் பாதியில் முடிந்ததற்கு ஓர் அனுமதிப் பிரச்சினையும் காரணம். லிபியா தன் வான்வெளியில் நுழைய முதலில் இசைவு தரவில்லை. அந்நாட்டைத் தவிர்க்கத் தெற்கே விலகிச் சென்றதில் எரிபொருள் வீணானது. பின்னர் இசைவு கிடைத்தபோதும், மீதமிருந்த எரிபொருள் பசிபிக் பெருங்கடலைக் கடக்கப் போதுமானதாக இல்லை. எந்த நாட்டின் வானில் எப்போது நுழைவோம் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய கட்டாயத்தை ஃபாசெட் அளவுக்கு உணர்ந்த விமானிகள் குறைவு.

1944-ல் டென்னசி மாநிலத்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த அவர், சாரணர் இயக்கத்தில் இருந்த காலத்திலேயே மலையேற்றத்தில் ஈடுபட்டார். சிகாகோ சந்தையில் ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் ஈட்டிய பெரும் செல்வத்தைச் சாகசங்களில் செலவிட்டார். 1985-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அலாஸ்காவின் நாய்வண்டிப் பந்தயம், பாய்மரப் படகு, கார் பந்தயம் என எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட உலக சாதனைகள் பதிவாயின.

1998 ஆகஸ்டில் அவரது பலூன் பவளக் கடல் மேலே இடிமழையில் சிக்கிக் கிழிந்தது. சுமார் 29,000 அடி உயரத்திலிருந்து கடலில் விழுந்தும் அவர் பிழைத்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டிருந்த கட்டுப்பாட்டு அறை அவரது பாதையைத் தொடர்ந்து கவனித்து வந்ததால், எங்கே தேட வேண்டும் என்பது மீட்புக் குழுவினருக்குத் தெரிந்திருந்தது. 2002-ல், தமது ஆறாவது முயற்சியில், பலூனில் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஆனார். 2005-ல் குளோபல்ஃபிளையர் விமானத்தில் எங்கும் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல், தனி ஆளாக 67 மணி நேரத்தில் உலகை வலம்வந்தார்.

இத்தகைய ஒருவரின் இறுதிப் பயணம் ஒரு சாதாரண உலா. 2007 செப்டம்பர் 3 அன்று காலை, நெவாடா மாநிலத்தில் நண்பர் பேரன் ஹில்டனின் பண்ணையிலிருந்து இருவர் அமரும் சிறு விமானத்தில் தனியாகப் புறப்பட்டார். சில மணி நேரத்தில் திரும்புவார் என்றே எதிர்பார்க்கப்பட்டது. பயணத் திட்டம் எதையும் அவர் பதிவு செய்யவில்லை.

அதில் சட்ட மீறல் ஏதும் இல்லை. அமெரிக்காவில் தெளிவான வானிலையில் கண்ணால் பார்த்து விமானத்தைச் செலுத்தும் தனியார் விமானி, பொதுவாகத் தமது பயணத் திட்டத்தை அளிக்க வேண்டியதில்லை. அளிப்பதும் அளிக்காமல் விடுவதும் அவர் விருப்பம். அதை அளிக்கக் கட்டணம் கிடையாது. சேருமிடம், பாதை, சேரும் நேரம், எரிபொருளின் அளவு ஆகியவை அதில் இருக்கும். குறித்த நேரம் கடந்து அரை மணி நேரமாகியும் விமானி தகவல் தராவிட்டால், அவரைத் தேடும் நடவடிக்கை தொடங்கும். நினைத்த திசையில் பறப்பதே இன்பம் எனக் கருதும் விமானிகள் பலர் இதைச் சுமையாகவே பார்க்கின்றனர். குறிப்பிட்ட இலக்கு இல்லாத உலாவுக்குப் பாதையை எழுதித் தருவது கடினம் என்ற அவர்களது வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தெற்கே மலைப்பக்கம் போகிறேன் என்ற அளவிலான குறிப்புக்கூட, ஃபாசெட் விஷயத்தில் தேடலின் பரப்பை வெகுவாகக் குறைத்திருக்கும்.

அந்தக் குறிப்பு இல்லாததால், சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் மலையும் பாலைவனமும் அலசப்பட்டன. விமானத்தின் அவசரகாலக் கருவியிலிருந்து சமிக்ஞை எதுவும் கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் படங்களைப் பல்லாயிரம் தன்னார்வலர்கள் இணையம் வழியே சல்லடை போட்டுப் பார்த்தனர். பல ஆண்டுகளுக்கு முன் விழுந்த வேறு விமானங்களின் சிதைவுகள்தான் தென்பட்டன. சிவில் ஏர் பேட்ரோல் அமைப்பு அக்டோபர் 2 அன்று வான்வழித் தேடலை நிறுத்தியது. நெவாடா மாநிலத்துக்கு மட்டும் ஏறத்தாழ 6,87,000 டாலர் செலவானது. செல்வந்தர் ஒருவரைத் தேடிய செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்தபோது, ஹில்டன் 2,00,000 டாலர் வழங்கினார். ஃபாசெட்டின் மனைவி பெக்கியோ தனிப்பட்ட முறையிலும் பெருந்தொகை செலவிட்டுத் தேடியிருந்தார். கணவரின் உடலோ விமானமோ கிடைக்காத நிலையிலேயே, அவர் இறந்துவிட்டதாக அறிவிக்குமாறு நீதிமன்றத்தை அணுக வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. 2008 பிப்ரவரியில் நீதிமன்றம் அவ்வாறே அறிவித்தது.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸ் அருகே மலைநடை சென்ற ஒருவரின் கண்ணில் ஃபாசெட்டின் பெயர் பொறித்த விமானி அடையாள அட்டைகள் பட்டன. அடுத்த சில நாள்களில், சுமார் 10,000 அடி உயரத்தில் சியரா நெவாடா மலைச்சரிவில் விமானத்தின் சிதைவுகள் கண்டறியப்பட்டன. அருகில் கிடைத்த எலும்புகள் அவருடையவைதான் என்பது மரபணுச் சோதனையில் உறுதியானது.

மலைமீது கீழ்நோக்கி வீசிய காற்றோட்டத்தை மீறி மேலேறும் திறன் அந்தச் சிறு விமானத்துக்கு இல்லை என்று, 2009-ல் வெளியான விபத்து விசாரணை அறிக்கை தெரிவித்தது. பயணத் திட்டம் அளித்திருந்தாலும் அவர் உயிர் பிழைத்திருக்கப் போவதில்லை. விமானம் விழுந்துகிடந்த இடம், அவர் புறப்பட்ட பண்ணையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதைக் கண்டறிய 13 மாதங்கள் ஆயின.