1 அணாவில் ஏழைப் பிள்ளைகள் பசி தீர்த்த நகரசபைத் தலைவர்!

பட்டுக்குப் பேர்போன ஊர் ஆரணி. அங்கே தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளிக்கூடத்தில் சுடச்சுடச் சாப்பிடுகிறது. நூறு வருடத்துக்கு முன்னாலேயே பட்டணத்தில் இதற்கு விதை போட்டவரும் நெசவாளர் குலத்து ஆள்தான். அவர்தான் சர் பிட்டி தியாகராயர்.

1852-ல் சென்னையில் தேவாங்கச் செட்டியார் குடும்பத்தில் பிறந்தார். பி.ஏ. படித்தார். படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகம் தேடி ஓடின காலம் அது. இவரோ வியாபாரத்தில் இறங்கினார். சுமார் 100 தறி போட்டார். கயிற்றை இழுத்தால் நாடா பறக்கும் புதுத் தறியை ஓட்டிப் பார்த்தார்.

நகரசபையில் சுமார் 40 வருடம் கவுன்சிலர். ஆனால் தலைவர் நாற்காலி மட்டும் சர்க்கார் அதிகாரிக்குத்தான். 1919-ல் புதுச் சட்டம் வந்தது. கவுன்சிலர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. அதிகாரி அல்லாத முதல் தலைவராகத் தியாகராயர் உட்கார்ந்தார். அப்போது மேயர் என்ற பட்டம் கிடையாது. அது வந்தது 1933-ல்தான். ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தது 1996-ல்!

பசியும் படிப்பும்

ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படித்ததெல்லாம் ஏழைப் பிள்ளைகள். வயிறு காய்ந்தால் பாடம் ஏறுமா? வருகை குறைந்தது. 16-9-1920 அன்று நகரசபை தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 அணாவுக்கு மேல் போகாமல் சிற்றுண்டி! பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் இது பரவியது.

வேண்டாம் என்றார்

அதே வருடக் கடைசியில் சட்டசபைத் தேர்தல். காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. டாக்டர் நாயர், நடேச முதலியாரோடு சேர்ந்து தியாகராயர் 1916-ல் தொடங்கிய நீதிக்கட்சி ஜெயித்தது. முதல் மந்திரி பதவிக்கு கவர்னர் வெல்லிங்டன் பிரபு இவரைத்தான் கூப்பிட்டார். மாட்டேன் என்று விட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார்.

பிள்ளைகள் சாப்பாட்டுச் செலவுக்கு சர்க்கார் அனுமதி மறுத்தது. 1925-ல் திட்டம் நின்றுபோனது. அதே வருடம் தியாகராயரும் கண்ணை மூடினார்.

போட்ட விதை வீண் போகவில்லை. காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று வளர்ந்தது. தி.நகரில் துணி எடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்: அந்த 'தி', தியாகராயர்தான்!