17 அசையில் ஒரு வாழ்க்கை

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கவிஞர் இஸ்ஸா. பிழைப்புக்காக ஊரை விட்டுப் பட்டணம் போனவர் அவர்.

1763-ம் ஆண்டு ஷினானோ மலைநாட்டில், காஷிவாபரா கிராமத்தில் பிறந்தார். தந்தை விவசாயி. மூன்றாம் வயதில் தாய் இறந்தாள். எட்டாம் வயதில் சிற்றன்னை வந்தாள். அவளுக்கும் பையனுக்கும் ஒத்துப்போகவில்லை. 1777-ல் தந்தை அவனை எடோ நகருக்கு வேலைக்கு அனுப்பினார். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ.

பட்டணத்துக் கேலி

குளிர்காலத்தில் ஷினானோ மக்கள் கூலி வேலைக்காகக் கூட்டம் கூட்டமாக எடோ வருவார்கள். நகரத்தார் அவர்களை ஒருவகை மைனாவின் பெயர் சொல்லிக் கேலி செய்வார்கள். அந்தக் கேலியையும் குளிரையும் சேர்த்து ஒரு பாட்டாக்கினார் இஸ்ஸா.

அந்தப் பாட்டுக்குக் கணக்கு உண்டு. முதலில் 5 அசை, நடுவில் 7, கடைசியில் 5. ஆக மொத்தம் 17. பருவத்தைக் காட்டும் ஒரு சொல்லும் வருவது மரபு. இதைத்தான் இன்று ஹைக்கூ என்கிறோம். எடோவில் சிக்குவா என்ற ஆசிரியரிடம் இஸ்ஸா இதைக் கற்றார். 'ஒரு கோப்பைத் தேநீர்' என்பதே இஸ்ஸா என்ற புனைபெயரின் பொருள்.

ஈ, தெள்ளுப்பூச்சி, தவளை, நத்தை, சிட்டுக்குருவி எல்லாம் அவர் பாட்டில் இடம் பெற்றன. ஏறத்தாழ 20,000 பாட்டுகள் எழுதினார்.

சொத்துத் தகராறு

1801-ல் தந்தை நோயில் விழுந்தார். இஸ்ஸா உடனிருந்து பணிவிடை செய்தார். சொத்தில் பாதி இஸ்ஸாவுக்கு என்று சொல்லிவிட்டுத் தந்தை கண்மூடினார். சிற்றன்னையும் அவள் மகனும் இணங்கவில்லை. தகராறு 1813-ல்தான் தீர்ந்தது. வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

மறு ஆண்டு, 50 வயதைத் தாண்டிய இஸ்ஸா, கிக்கு என்ற பெண்ணை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தன. ஒன்றும் தங்கவில்லை. செல்ல மகள் சாட்டோ 1819-ல் அம்மை நோயில் இறந்தாள்.

வாழ்வு நிலையாதது என்று அறிந்தும் ஆறாத மனத்தை அப்போது 17 அசைக்குள் வைத்தார் இஸ்ஸா. பாட்டில் மகளின் பெயர் இல்லை. அழுகை என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் படித்தவர் கண் கலங்கும்.

1823-ல் கிக்குவும் போனாள். பிறகு இருமுறை மணந்தார். 1827-ல் தீயில் வீடு எரிந்தது. எஞ்சிய மண்சுவர்க் கிடங்கில் குடியிருந்தார். 1828 ஜனவரியில் அங்கேயே உயிர் பிரிந்தது. அந்தக் கிடங்கு நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

சில மாதங்களில், அவருடைய மூன்றாம் மனைவிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்தது. அதைப் பார்க்கத்தான் தகப்பன் இல்லை.