நிலையத்துக்கு வெளியே: அம்பேத்கரின் ரயில் பயணங்கள்

இருப்புப்பாதை வந்ததால் இந்தியாவில் சாதி தளர்ந்தது என்ற கூற்றைப் பள்ளிப் பாடநூல்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே பெட்டியில் எல்லாச் சாதியினரும் தோளோடு தோள் உரசி அமர நேர்ந்தது, பயணச்சீட்டு விற்பவர் சாதி கேட்பதில்லை, ஆகவே தீண்டாமையின் வேர் ஆட்டம் கண்டது என்று அந்தக் கூற்று விரியும். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பயணம் இறங்கும் நிலையத்தோடு முடிந்துவிடுவதில்லை. இறங்கியவர் ஓர் ஊருக்குள் செல்லவேண்டும், வண்டி பிடிக்கவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், இரவு தலைசாய்க்க ஓர் இடம் பார்க்கவேண்டும். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை அவர் ஏறி இறங்கிய ரயில் நிலையங்களின் வழியாகப் படிக்கும்போது, பாடநூல் சொல்லாத மறுபாதி தெரியவருகிறது.

முதல் நிலையம் மசூர். ஆண்டு 1901. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ பத்து. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தந்தை ராம்ஜி, சதாரா மாவட்டத்துக் கோரேகானில் காசாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். (1818ஆம் ஆண்டுப் போரின் நினைவுத்தூண் நிற்கும் பீமா கோரேகான் வேறு, இந்த ஊர் வேறு.) பஞ்சத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட காலம் அது. பஞ்சத்தில் தவித்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அங்கே அரசு ஒரு குளம் வெட்டிக்கொண்டிருந்தது. தாய் இறந்துவிட்டார். பிள்ளைகள் சதாராவில் அத்தையின் பாதுகாப்பில் இருந்தனர். கோடை விடுமுறைக்குத் தம்மிடம் வருமாறு தந்தை எழுதிய கடிதம் வந்ததும் வீடு திருவிழாக் கோலம் பூண்டது. புதிய சட்டைகள், சரிகை மின்னும் தொப்பிகள், பட்டுக்கரை வேட்டிகள், புதுச் செருப்புகள் எல்லாம் தயாராயின. அண்ணன், இறந்துபோன மூத்த அக்காளின் பிள்ளைகள், பீம்ராவ் ஆகியோர் பத்து மைல் தொலைவிலிருந்த ரயில் நிலையத்துக்குக் குதிரை வண்டியில் சென்றனர். அண்ணன் ஆளுக்கு இரண்டணா கொடுத்தார். சிறுவர்கள் உடனே லெமனேடு வாங்கிக் குடித்தார்கள். தனியே ரயிலேறும் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் செய்யக்கூடியதைத்தான் அவர்களும் செய்தார்கள்.

அவர்கள் சென்ற பாதை சதர்ன் மராட்டா ரயில்வேயைச் சேர்ந்தது. இந்நிறுவனம்தான் 1908இல் மதராஸ் ரயில்வேயோடு இணைந்து, நம் தாத்தாக்கள் எம். அண்ட் எஸ்.எம். என்று சுருக்கிச் சொன்ன நிறுவனமாயிற்று. ரயிலுக்குள் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலை ஐந்து மணியளவில் மசூரில் இறங்கினார்கள். உடன் இறங்கியவர்கள் எல்லாரும் போய்விட்டனர். அழைத்துச்செல்ல ஆள் வரவில்லை. நன்கு உடுத்திய பிள்ளைகள் திகைத்து நிற்பதைக் கண்ட நிலைய அதிகாரி பரிவோடு வந்து விசாரித்தார். யார் நீங்கள் என்ற கேள்விக்குச் சிறுவன் யோசிக்காமல் உண்மையைச் சொன்னான்: மகர்கள். அதிகாரியின் முகம் மாறிற்று. திரும்பிப் பாராமல் தம் அறைக்குள் சென்றுவிட்டார். அரை மணி நேரம் கழித்தே மீண்டும் வந்தார்.

நிலைய வாசலில் வாடகை மாட்டு வண்டிகள் இருந்தன. இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொல்லியும் ஒருவரும் ஏற்றவில்லை. இறுதியில் அந்த அதிகாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார், கூலி மட்டும் இரட்டிப்பாகவே இருக்கும். வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். தீட்டு பணத்தில் ஒட்டுவதில்லை! இரவு ஏறியபின் அதே மனிதர் வண்டிக்குள் ஏறிப் பிள்ளைகளின் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார். பார்ப்பதற்கு ஆளில்லாத இருட்டில் அவருடைய ஆசாரம் அவரை விட்டு இறங்கிவிட்டது.

அத்தை கட்டிக்கொடுத்த சாப்பாடு கூடையில் இருந்தது. தண்ணீர் இல்லை. வழியில் வண்டிக்காரர் காட்டிய நீர், சேறும் மாட்டுச் சிறுநீரும் சாணமும் கலந்த குட்டை. நள்ளிரவில் ஒரு சுங்கச் சாவடியை அடைந்தபோது, முஸ்லிம்கள் என்று சொல்லித் தண்ணீர் கேட்டுப் பார்த்தார்கள். அதற்கும் பலனில்லை. பசியோடும் சோற்றோடும் வண்டியிலேயே கிடந்து, மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு ஊர் சேர்ந்தார்கள். அவர்கள் வருவதாக எழுதிய கடிதத்தைத் தந்தையிடம் கொடுக்க வேலையாள் மறந்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கடிதம் தவறினால் மற்றப் பிள்ளைகளுக்கு அரை நாள் அலைச்சல். தீண்டப்படாத பிள்ளைகளுக்கோ அது உயிர்ப்பயம். பள்ளியில் தனிக் கோணிப்பையில் அமர்வதும், பியூன் ஊற்றினால் மட்டுமே தண்ணீர் குடிப்பதும் பீம்ராவுக்கு ஏற்கெனவே பழகியவை. மசூருக்குப் பிறகு அவற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்.

ஆயினும் ரயில் அவருக்கு விடுதலையின் கனவாகவும் இருந்தது. சதாராப் பையன்கள் சிலர் பம்பாய்க்குச் சென்று பஞ்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்ததைக் கேள்விப்பட்டு, தாமும் அங்கே ஓடிப்போய்ச் சொந்தக் காலில் நிற்கத் திட்டமிட்டார். ரயில் கட்டணத்துக்காக, உறங்கும் அத்தையின் இடுப்பிலிருந்த பணப்பையைத் திருட மூன்று இரவுகள் முயன்று தோற்றார். நான்காம் இரவு பை கைக்கு வந்தது. உள்ளே இருந்தது அரையணா. அந்தக் காசைக்கொண்டு பம்பாய் போக முடியாது. படித்து முன்னேறுவதே வழி என்று அன்று தீர்மானித்ததாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். அத்தையின் பையில் இன்னும் சில ரூபாய் இருந்திருந்தால் இந்திய வரலாறு என்னவாகியிருக்கும் என்று வியப்பவர்கள் உண்டு. அந்த அத்தையிடம் அரையணாவுக்கு மேல் இல்லாத நிலைதான் எனக்கு அதைவிடப் பெரிய செய்தியாகத் தெரிகிறது.

குடும்பத்தோடு அவர் பம்பாய் வந்து சேர்ந்ததும், பரேலின் நெரிசலான குடியிருப்பில் ஒற்றை அறையில் படித்ததும், 1907இல் மெட்ரிக் தேறியதும், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1912இல் பட்டம் பெற்றதும் வாசகர்கள் அறிந்தவை. 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி தந்தியில் வந்தது. பம்பாய் திரும்பும் வழியில், தந்தைக்காக இனிப்பு வாங்க சூரத் நிலையத்தில் இறங்கினார். அதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. அடுத்த வண்டியைப் பிடித்து வீடு சேர்ந்தபோது தந்தையின் கண்கள் மகனுக்காகவே காத்திருந்தன. பிப்ரவரி 2ஆம் நாள் ராம்ஜி இறந்தார். எந்த மகனுக்கும் நேரக்கூடிய இந்தத் துயரில் சாதிக்கு இடமில்லை. அம்பேத்கரின் ரயில் கதைகளில் அப்படிப்பட்டது இது ஒன்றுதான் என்பதாலேயே இங்கே குறிப்பிடுகிறேன்.

அதே ஆண்டு நியூயார்க் சென்றார். கொலம்பியாவில் மூன்றாண்டுகள், பின்பு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917 ஆகஸ்டில் திரும்பினார். அவருடைய உடைமைகளை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகைதான் பரோடா செல்லும் வழிச்செலவுக்கு உதவிற்று. மூழ்கிய நூல்களின் விலையில் வாங்கிய பயணச்சீட்டு அது.

பரோடா நிலையத்தில் இறங்கியவர் பத்து வயதுச் சிறுவன் அல்லர். பொருளாதாரம் பயின்ற அறிஞர், சமஸ்தானத்தில் பெரும் பொறுப்புக்குத் தயாராக்கப்படுபவர். அவரை வரவேற்க நிலையத்துக்கு ஆள் அனுப்பும்படி மன்னர் உத்தரவிட்டிருந்தும் யாரும் வரவில்லை. எங்கே போவது என்ற கேள்வியோடு நின்றார். இந்து விடுதிகள் ஏற்கமாட்டா. சாதியை மறைத்தால் இடம் கிடைக்கலாம். கண்டுபிடிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதும் தெரியும். அமெரிக்காவில் உடன் பழகிய நண்பர்கள் அவ்வூரில் இருந்தனர். அங்கே ஒரே மேசையில் உண்டவர்கள் இங்கே தம் வீட்டு வாசலில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு உறுதியில்லை. நான்காண்டு வெளிநாட்டு வாழ்வில் மறந்தே போயிருந்த ஒன்றை நிலையத்தின் கூரை நிழல் நினைவூட்டிவிட்டது.

பார்சி சமயத்தில் தீண்டாமை இல்லை என்ற நம்பிக்கையோடு ஒரு பார்சி விடுதிக்குச் சென்றார். பார்சிகள் மட்டுமே தங்கலாம் என்றார் காப்பாளர். வருவாயற்றுக் கிடந்த விடுதி ஆகையால், ஏட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டின்பேரில், நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு இடம் கிடைத்தது. மாடியில் சிறிய அறை ஒன்று. மற்ற பகுதி முழுவதும் உடைந்த சாமான்கள் குவிந்த கூடம். மின்விளக்கு இல்லை. அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளியில், வௌவால்கள் பறக்கும் இருளில், ஆள் துணையின்றிப் படித்துக்கொண்டே இரவுகளைக் கழித்தார். அவருடைய சாமான்களோடு வந்த அக்காள் மகன் அந்த இடத்தைக் கண்டு வாய்விட்டு அழுதான். உடனே அவனைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று.

பதினொன்றாம் நாள் காலை, அலுவலகம் புறப்படும் வேளையில், தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாடிக்கு வந்தார்கள். விடுதி தீட்டாகிவிட்டதாம். மாலைக்குள் வெளியேறவேண்டும். சில நாட்கள் பொறுக்கும்படி அவர் கேட்டது பயனற்றுப் போயிற்று. இந்து நண்பர் ஒருவர் வருந்தினார். ஆனால் இவரை வீட்டில் சேர்த்தால் தம் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். பிராமணராக இருந்து கிறித்தவராக மாறிய மற்றொரு நண்பர், மனைவியைக் கேட்காமல் முடிவு சொல்ல இயலாது என்றார். இந்து, பார்சி, கிறித்தவர் என்று மூன்று வாசல்களும் ஒரே நாளில் மூடப்பட்டதைக் கவனிக்கவேண்டும். இந்நாட்டில் சாதி ஒரு சமயத்தின் எல்லைக்குள் நிற்பதில்லை என்பதை அவர் நூல்களில் கற்பதற்கு முன்பே அனுபவித்துவிட்டார். பம்பாய் வண்டி இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை காமாத்தி பாக் பூங்காவில் அமர்ந்திருந்தார். எட்டு மணிக்கு விடுதி சென்று பெட்டியை எடுத்துக்கொண்டார். காப்பாளரும் அவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. வாடகையைக் கொடுத்துவிட்டு நிலையம் சேர்ந்தார்.

1929இல் மூன்றாவது நிலையம், சாலிஸ்கான். அப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினர், தீண்டப்படாதோரின் குறைகளை ஆராய அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். வரவேற்ற மக்கள் அவரைச் சேரிக்கு அழைத்துச்செல்லக் குதிரை வண்டி தேடினார்கள். மகரை ஏற்றி ஓட்டுவது தம் மதிப்புக்குக் குறைவு என்று வண்டியோட்டிகள் மறுத்தனர். வண்டியை மட்டும் வாடகைக்கு விட்டனர். ஓட்டிப் பழகாத ஒருவர் கடிவாளம் பிடித்தார். பாலத்தருகே வண்டி புரண்டு, அம்பேத்கர் கல்தரையில் வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. ஒரு வண்டியோட்டியின் சாதிப் பெருமிதம், பாரிஸ்டர் பட்டம் பெற்றவரின் உயிரைவிட எடை மிகுந்ததாக இருந்தது. மசூரில் பிள்ளைகளே ஓட்டிய மாட்டு வண்டிக்கும் சாலிஸ்கான் குதிரை வண்டிக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இந்த அனுபவங்களை 1935ஐ ஒட்டி அவர் சிறு நூலாக எழுதிவைத்தார். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து 1990இல்தான் அது அச்சேறிற்று. விசாவுக்காகக் காத்திருப்பது என்பது அதன் தலைப்பு. சொந்த நாட்டு ஊர்களுக்குள் நுழைய அனுமதி வேண்டி நிற்பவரின் நிலையை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆனால் அவர் காத்திருந்துகொண்டே இருக்கவில்லை. 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் முதற்பணிகளில் ஒன்று, மறு ஆண்டு சோலாப்பூரில் திறந்த மாணவர் விடுதி. நகரத்துக்குப் படிக்க வரும் பிள்ளை இரவில் எங்கே தங்கும் என்ற கேள்வி அவருக்குப் பரோடாவிலேயே முளைத்துவிட்ட கேள்வி. அவருடைய அரசியலமைப்புப் பணியைக் கொண்டாடும் நம் மேடைகளில் இந்த விடுதிகளைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம்.

1938 பிப்ரவரியில், மன்மாடில், ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளர்களின் இரு எதிரிகள் என்று அறிவித்த அந்த உரை பலராலும் எடுத்தாளப்படுவது. அதில் மற்றொரு பகுதியும் முக்கியமானது. ரயில்வேயில் தீண்டப்படாதோர் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்களாகவே காலமெல்லாம் கிடந்தனர். போர்ட்டர் வேலைகூட அவர்களுக்குக் கிட்டவில்லை. காரணம், போர்ட்டர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையும் செய்யவேண்டியிருந்தது, அந்த வீட்டுக்குள் இவர்கள் நுழையக்கூடாது. பட்டறைகளிலும் மேல்நிலைக்குச் செல்ல வழியில்லை. இதைத் தட்டிக்கேட்கத் தொழிற்சங்கங்களும் முன்வரவில்லை. மசூரில் முகம் மாறிய அதிகாரி ஒரு தனிமனிதர். மன்மாடில் அம்பேத்கர் விவரித்தது ஒரு நிர்வாக முறை. தண்டவாளத்தை இருப்பில் வைத்தவர்களுக்கே நிலையத்துக்குள் இடமில்லை.

இன்றும் கிராமத்திலிருந்து பெருநகருக்குப் படிக்க வரும் மாணவரிடம் ரயிலில் யாரும் சாதி கேட்பதில்லை. வாடகைக்கு அறை தேடும்போதுதான் முழுப்பெயர், சொந்த ஊர், வீட்டில் இறைச்சி சமைப்பீர்களா என்ற கேள்விகள் வரிசையாக வருகின்றன. வேறு பெயர் சொல்லி அறை பிடித்தவர்கள் நம் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். பார்சி விடுதியின் ஏடு இன்னும் மூடப்படவில்லை.

1956 டிசம்பர் 6ஆம் நாள் அம்பேத்கர் தில்லியில் மறைந்தார். அவருடைய உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் அந்நாளையொட்டி விதர்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் இலட்சக்கணக்கான மக்கள் ரயில்களில் தாதர் வந்து இறங்குகிறார்கள். நகரத்தின் ஒரு சாரார் ஆண்டுதோறும் நெரிசலையும் குப்பையையும் பற்றி முணுமுணுக்கின்றனர். வந்தவர்களோ சைத்யபூமிக்கு வரிசையில் நின்று, சிவாஜி பூங்காவில் இரவு தங்கி, அங்குள்ள கடைகளில் புத்தகம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பல அமைப்புகள் அங்கே பந்தல் போட்டுச் சோறு போடுகின்றன. குடிக்கத் தண்ணீரும் தருகின்றன, யார் என்று கேட்காமல்.