காரில் எலி வளர்த்த டாக்டர்

ரத்தப் புற்றுநோய் எதனால் வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியே ஆயுளைக் கழித்தவர் டாக்டர் லுட்விக் கிராஸ்.

1904-ம் ஆண்டு, இன்றைய போலந்து நாட்டில் உள்ள கிராக்கோ நகரில் பிறந்தார். யூதரான அவர், நாஜிகளிடம் சிக்காமல் தப்பி, 1940-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே ராணுவ டாக்டர் ஆனார்.

கோழிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வைரஸ் என்னும் நுண்கிருமியே காரணம் என்பது 1908-லேயே தெரியும். அது கோழியின் சமாச்சாரம் என்று பெரிய டாக்டர்கள் ஒதுக்கிவிட்டார்கள். எலிக்கு வருவதும் வைரஸால்தான் என்று கிராஸ் நம்பினார்.

ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கவில்லை. சுண்டெலிகளைக் காப்பி டப்பாக்களில் போட்டு, காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டார்! பிறகுதான் நியூயார்க்கில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது.

எலிகளிலும் ஜாதி உண்டு. 'ஏகே' ஜாதி எலிகள் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோயால் சாகும். வேறு சில ஜாதிகளுக்கு அந்த நோய் அபூர்வம். கிராஸ், நோயுற்ற எலியின் உறுப்புகளை அரைத்து வடிகட்டினார். அந்த நீரை நல்ல எலிகளுக்கு ஊசி போட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆண்டுகள் ஓடின.

ஒருநாள் ஒரு சொற்பொழிவுக்குப் போனார். பிறந்த எலிக்குட்டிகளை மட்டும் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றி அங்கே பேசினார்கள். கிராஸுக்குப் பொறி தட்டியது. பிறந்து சில மணி நேரமே ஆன குட்டிகளுக்கு ஊசி போட்டார். குட்டிகள் நன்றாகவே வளர்ந்தன. மாதங்கள் கழித்து, அவற்றுக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது!

1951-ல் இதை வெளியிட்டார். நம்பியவர்கள் மிகச் சிலரே. 1956-ல் ஜேக்கப் பர்த் என்ற விஞ்ஞானி அதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்தினார். 'ஏகே' எலிகளை உருவாக்கியவரே அவர்தான். 1974-ல் கிராஸுக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது.

மனிதர்களின் ரத்தப் புற்றுநோயில் பெரும்பகுதிக்கு வைரஸ் காரணம் அல்ல. ஆனால் எலி வைரஸ் வேறொரு வழியைத் திறந்தது. 1976-ல், அதே இனத்து வைரஸின் மரபணு எலிக் கருவில் ஒட்டிக்கொண்டு, பரம்பரையாகக் குட்டிகளுக்கும் இறங்குவதை ருடால்ப் யானிஷ் காட்டினார். 1985-ல், புற்றுநோயைத் தூண்டும் மரபணுவைக் கருவிலேயே சேர்த்து எலிகளை உண்டாக்கினார்கள். அவற்றுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. நோய் எங்கே தொடங்குகிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்பதை இப்படிப்பட்ட எலிகளை வைத்தும் இன்று பார்க்கிறார்கள்.

கிராஸ் 1999-ல் காலமானார். வயது 94. அவர் உயிரைப் பறித்ததும் புற்றுநோய்தான். ஆனால் அது ரத்தத்தில் வரவில்லை, வயிற்றில் வந்தது.