மூதறிஞர் ராஜாஜியும் சிறைச்சாலையும்

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரின் பெயரை நம் சங்கத்து அன்பர்களிடையே எடுத்தால் சபை உடனே இரு கட்சியாகப் பிரிந்துவிடும் என்பதை நாம் நன்கு அறிவோம். மைசூரில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இரண்டு தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவரை மூதறிஞர் என்று போற்றும். மற்றொன்று 1938-ஆம் ஆண்டை நினைவூட்டும். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆகவே அவருடைய வாழ்க்கை முழுவதையும் இங்கே சொல்லப் புகாமல், சிறைச்சாலை வாயில் ஒன்றின் வழியாக மட்டும் அதனைப் பார்க்க முற்படுகிறோம். சிறையினுள் கைதியாக இருந்தவரே பிற்காலத்தில் சிறைகளை நடத்தும் அரசாங்கத்தின் தலைவராகவும் அமைந்தது சாமானியமான செய்தியன்று.

அவர் 1878 டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் அக்கிராமத்து முன்சீப். ஓசூர்ப் பள்ளிக்குப் பின் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றமையால் பழைய மைசூர் ராஜ்யமும் அவரிடத்தில் ஓரளவு உரிமை கொண்டாடலாம். சென்னையில் சட்டம் படித்து 1900-ஆம் ஆண்டு முதல் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். குற்ற வழக்குகளில் அவருக்குப் பெரும் பெயர் உண்டாயிற்று. கூண்டில் நிற்பவன் யார், எதனால் அங்கே வந்து நிற்கிறான் என்பதை அருகிலிருந்து காண இருபது ஆண்டுகள் போதாவா?

ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் தொழிலைத் துறந்தார். தடையுத்தரவை மீறியதற்காக மூன்று மாதத் தண்டனை பெற்று, 1921 டிசம்பர் 21 முதல் 1922 மார்ச் 20 வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். அந்நாட்களில் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. சுயராஜ்யம் வந்த மாத்திரத்தில் மக்களுக்கு இன்பம் வந்துவிடாது என்றும், தேர்தல்களும் அவற்றின் ஊழல்களும் அநீதியும் நெடுங்காலம் வாட்டும் என்றும் அதிலே குறித்து வைத்தார். சுதந்திரத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் சிறைக்கோட்டத்துக்குள் அமர்ந்துகொண்டு, ஒருவர் இவ்வாறு எழுதியிருப்பதைப் படிக்கும்போது நமக்கு வியப்பைக்காட்டிலும் அச்சமே மிகுகின்றது. 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடத்தி மறுபடியும் சிறை சென்றார். 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்திலும் அவ்வாறே.

இவற்றுக்கிடையே 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கிராமத்து வாழ்வினுள் புகுந்தார். மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்னும் பத்திரிகையை நடத்தினார். குடியும் கடனும் ஏழையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதை ஆசிரமத்துத் திண்ணையிலிருந்தே அவரால் காண முடிந்தது.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். நீதிமன்றங்களும் சிறைகளும் கே. இராமன் மேனன் என்னும் மந்திரியின் பொறுப்பிலிருந்தன. எனினும் அரசாங்கத்தின் போக்கை வகுத்தவர் ராஜாஜியே. முதன்முறையாகக் குற்றம் புரிந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் நன்னடத்தை ஜாமீனில் விடுவதற்கான சட்டம் அவர் பதவியேற்குமுன்பே அம்மாகாணத்தில் இயற்றப்பட்டிருந்தது. அதன் பெருமையை அவருக்கு ஏற்றிச் சொல்வது முறையன்று. அவருக்கே உரியவை வேறு இரண்டு. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அதனால் விளைந்த வருமான இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். மற்றது 1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் தேதி வரை நிலுவையாயிருந்த வட்டியை அது அடியோடு நீக்கிற்று. அசலுக்கு இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாயிற்று. நம் இளைஞர்கள் அறியாத செய்தியொன்றை இங்கே சொல்ல வேண்டும். கோர்ட்டில் டிக்கிரியான கடனைக் கட்டத் தவறியவனை, கடன் கொடுத்தவர் தம் கைப்பணத்திலிருந்து அவனுக்குச் சாப்பாட்டுச் செலவைக் கட்டி, ஆறு மாதம் வரை சிவில் சிறையில் அடைத்து வைக்கச் சட்டம் இடந்தந்திருந்தது. கடனைக் குறைத்தால் அந்த வாயிலும் குறுகுமன்றோ! மதுவிலக்கைப் பற்றி நாம் அவ்வளவு தீர்மானமாகக் கூற மாட்டோம். குடித்துக் கெட்ட குடும்பங்கள் சில நிமிர்ந்தன. அதே சட்டம் கள் இறக்கியவனையும் சாராயம் காய்ச்சியவனையும் புதிய குற்றவாளிகளாக்கிச் சிறைக்கு அனுப்பியது.

இனி 1938-க்கு வருவோம். அவ்வாண்டு ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாய பாடமாக்கப்பட்டது. எதிர்த்து மறியல் செய்தோர்மீது, வெள்ளையர் ஆட்சி காங்கிரஸ்காரர்களை அடக்கப் பயன்படுத்திய கிரிமினல் சட்டத் திருத்தத்தையே ராஜாஜி அரசு ஏவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர்; பெண்களிற் சிலர் குழந்தைகளோடு சென்றனர். பெரியார் ஈ.வெ.ரா. தண்டனை பெற்றுப் பெல்லாரிச் சிறையில் வைக்கப்பட்டார். பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1953-இல்தான் மைசூர் ராஜ்யத்துடன் இணைந்தது. அவ்வூரில் கோடையைக் கழித்த நம்மவர்க்கு அங்கே சிறைவாசம் என்னவாயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சிறையிலிருந்தபடியே அவர் நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தண்டனை பெற்ற இளைஞர் நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து மார்ச்சிலும் உயிர் நீத்தனர். நோயே காரணமென்று அரசு கூறிற்று. வேலூரில் மூன்று மாதம் இருந்து அதன் துன்பத்தை எழுதி வைத்தவர் இவ்விரு மரணங்களின் பொறுப்பைத் தம்மீதும் ஏற்றிருக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். அவரைப் போற்றும் அன்பர்கள் இதற்காக நம்மைக் கோபித்துக் கொள்ளினும் குற்றமில்லை. 1939 அக்டோபரில் அவருடைய மந்திரிசபை விலகிற்று. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டது.

பத்தாண்டு கழித்து அதனினும் கடுமையான தீர்ப்பு அவரிடம் வந்தது. 1948 ஜூன் முதல் அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். காந்தியடிகளைக் கொன்ற கோட்சேக்கும் உடன் தண்டனை பெற்ற ஆப்தேக்கும் மரண தண்டனையைக் குறைக்க வேண்டுமென்று, அடிகளின் புதல்வர்களான மணிலாலும் ராம்தாஸுமே வேண்டினர். தந்தையார் தூக்குத் தண்டனையை ஒப்பாதவர் என்பது அவர்கள் வாதம். ராஜாஜிக்கு அவர்கள் அன்னியரல்லர். அவருடைய மகள் லட்சுமியை மணந்த தேவதாஸ், அவ்விருவரின் இளைய சகோதரர். சம்பந்தியைக் கொன்றவனுக்குச் சம்பந்தியின் மைந்தரே உயிர்ப்பிச்சை கேட்க, கருணை காட்டும் அதிகாரம் பெற்றிருந்த கை அசையவில்லை. 1949 நவம்பர் 15-ஆம் நாள் அம்பாலாச் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அரசாங்கத்தின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்ட பதவி அது என்பது உண்மையே. ஆயினும் அந்த நவம்பர் மாதத்து இரவுகளில் அவர் எவ்வாறு துயின்றிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1951-இல் மத்திய உள்துறை மந்திரியாகத் தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டித்தவரும் அவரே. பின்னர் சென்னையில் 1952 முதல் 1954 வரை முதன்மந்திரி. 1959-இல் சுதந்திராக் கட்சி. அவை பலரும் அறிந்தவை. 1965-இல் இந்தி ஆட்சிமொழியாவதைத் தமிழ்நாடு எதிர்த்தபோது, ராஜாஜியும் எதிர்ப்போர் பக்கம் நின்றார். கொள்கையில் இறுதிவரை மாறுபட்ட பெரியாருடன் அவர் கொண்ட நட்போ, பெல்லாரிக்குப் பின்னும் முறியவில்லை.

1972 டிசம்பர் 25-ஆம் நாள் சென்னையில், தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் காலமானார். தள்ளாத முதுமையில், சக்கர நாற்காலியில் அழைத்து வரப்பட்ட பெரியார் அவருடைய சிதையருகே கண்ணீர் விட்டு அழுதார்.